அழைத்த காரணம்

ஜூன் 16, திங்கள்

இது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முன்பக்கத்திலிருந்து ஏழு பக்கம் எழுதியிருக்கிறது. அளவீடு பாடம், வெர்னியர் அளவி படம், பாதியில் நின்ற ஒரு அட்டவணை. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. வீணாய்க் கிடக்கிறதே என்று நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் மாரிக்கனி. வீட்டில் கனி. வயது பதினாறு. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். அப்பா பாத்தியில் உப்பு வாருவார். அம்மா அதைப் பெட்டியில் சுமந்து போய் அம்பாரமாகக் கொட்டுவாள். சோறு பொங்குவது, லாரித் தண்ணீர் பிடிப்பது, தங்கச்சி புஷ்பத்துக்குச் சடை பின்னி எட்டாம் வகுப்புக்கு அனுப்புவது எல்லாம் நான்.

எனக்குப் பேச வராது. ஆள் முன்னால் நின்றால் தொண்டையில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும். எழுதினால் வரும். அதனால்தான் இது.

அம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததால் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

புஷ்பம் ஒரு தாள் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெற்றோர் கூட்டம், தவறாமல் வரவும் என்று அச்சடித்திருந்தது. எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அதே தாளைக் கொண்டுவந்திருந்தார்கள்.

எதிர்வீட்டு வேலம்மா அத்தை தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எத்தன மணிக்காம்?"

"பத்தரை" என்றாள் அவள் மகள் ரூபா. ஏழாம் வகுப்பு.

"பத்தரைக்கு நான் தலையில உப்புப் பெட்டியோட நிப்பேன். பெட்டிய இறக்கி வச்சா சம்பளம் போச்சு. உங்க டீச்சர் வந்து சுமப்பாவளா?"

தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "போனா மட்டும் என்ன, மால போடப் போறாவளா? வாசல்ல நிக்க வச்சு, பிள்ள சரியில்ல, நீ சரியில்லம்பாவ. நிக்கதுக்கு உப்பளமே போதும்" என்றார்.

அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உப்புத் தண்ணீர் தின்ற அம்மாவின் பாதத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறது. கல்யாண வீட்டில்கூட அம்மா சேலைக்குள் காலை மடக்கிக்கொண்டுதான் உட்காருவாள்.

ஜூன் 27, வெள்ளி

ரேஷன் கடைக்குப் போகும்போது பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. வேப்பமரத்தடியில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஆதார் கார்டு திருத்தித் தருகிறார்கள் என்று நினைத்து வந்தவர்களாம், பிறகு தெரிந்தது.

தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போன வருடம் மாற்றலாகி வந்தவர். என்னைத் தெரியாது. ஆனாலும் நான் முக்காடு போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன்.

ஜூலை 2, புதன்

புஷ்பம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. மீன்குழம்பு. அவள் மீன்குழம்பை விடுகிறவள் இல்லை. அப்பாவும் அம்மாவும் தூங்கின பிறகு, பாத்திரம் விளக்கும் இடத்துக்கு வந்து என் காதில் சொன்னாள்.

"எக்கா, கணக்கு சார் அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாவ."

"நீ என்ன செஞ்ச?"

"சத்தியமா ஒண்ணும் செய்யல."

எங்கள் தெருவில் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. போன வருடம் ரூபாவுக்கு இப்படி வந்தபோது, என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே வேலம்மா அத்தை அவளைத் தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தாள். கேட்டால், "கூப்ட்டாவன்னாலே தப்புதான? அடிய முதல்லயே குடுத்துட்டா அங்க போய்க் கோவப்பட வேண்டாம்லா" என்றாள்.

விவரமான பிள்ளைகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடை பொன்னுச்சாமி மாமாவைச் சித்தப்பா என்று கூட்டிப் போய்விடுவார்கள். அவரும் சட்டையை மாற்றிக்கொண்டு போய்த் தலையாட்டிவிட்டு வருவார். பதினோரு பிள்ளைக்குச் சித்தப்பாவாகப் போயிருக்கிறார். கடைசியில் ஜெசிந்தா டீச்சர், "உங்க கூடப் பொறந்த அண்ணன் மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்ட நாளிலிருந்து அவர் போவதில்லை.

அப்பா எங்களை அடிக்க மாட்டார். அவர் சொன்னது வேறு. "ஒரு தடவ என்னைக் கூப்பிட்டு விட்டா போதும். அன்னையோட படிப்பு முடிஞ்சுது. பாக்கெட் போடுத கம்பெனியில ஆள் கேக்காவ." உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் ஷெட் அது. புஷ்பத்துக்குப் பதின்மூன்று வயதுதான். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

ஜூலை 3, வியாழன்

புஷ்பம் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. அந்தக் காய்ச்சலை எனக்குத் தெரியும். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் காய்ச்சல்.

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்கூடம் போகாத மூன்றாவது நாள். அம்மா, "நாளைக்கும் இப்படின்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். புஷ்பம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து நாள் போகாவிட்டால் பத்து நாள் போகத் தோன்றாது. பத்து நாள் போகாவிட்டால் பிறகு தெருவில் பள்ளிச் சீருடையைப் பார்த்தாலே ஒளியத் தோன்றும். இது எப்படி எனக்குத் தெரியும் என்று எழுதப் போவதில்லை.

பதினொரு மணிக்கு உலையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டைத் தொட்டேன். கம்பி வெயிலில் சுட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று உள்ளே போனேன்.

பேச வராது என்று தெரியும். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். "எட்டாம் வகுப்பு தங்கபுஷ்பத்தின் அக்கா நான். அப்பா உப்பளத்தில் இருப்பதால் வர முடியாது. என் தங்கை என்ன தப்பு செய்தாள்? தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள். அவளுக்குப் பதிலாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

ஜெசிந்தா டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். "உட்காரும்மா" என்றார். நான் நின்றேன். அவரே எழுந்து வந்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு கணக்கு சாரைக் கூப்பிட்டனுப்பினார்.

செல்வின் சார் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"தப்பா? என்ன பிள்ள சொல்லுத? அவளுக்கு போர்டு தெரியல. முன் பெஞ்சுல உக்கார வச்சும் பக்கத்துப் பிள்ள நோட்டப் பாத்துத்தான் எழுதுதா. வர்ற பதினொண்ணாம் தேதி கண் பரிசோதன முகாம் இருக்கு. வீட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் கூட்டிட்டுப் போக முடியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"இத அந்தப் பிள்ளகிட்டச் சொன்னீங்களா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

சார் யோசித்தார். "கூட்டிட்டு வான்னு சொன்னேன். வந்தா அவுககிட்டச் சொல்லிக்கலாம்னு..." என்று நிறுத்திவிட்டார்.

படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓடினேன். புஷ்பத்திடம், "கண்ணு" என்றேன். மூச்சு வாங்கியது. "கண்ணுக்குத்தான் கூப்பிட்டிருக்காவ." அவள் எழுந்து உட்கார்ந்து, "கண்ணா?" என்று கேட்டாள். பிறகு இத்தனை நாள் காய்ச்சல்காரி பழைய சோறு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஜூலை 9, புதன்

அப்பாவிடம் படிவத்தை நீட்டினேன். என்னால் சொல்ல முடிந்தது ஒரு வரிதான். "பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாவ, புஷ்பத்துக்குப் பார்வ சரியில்லயாம்."

அப்பா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணுக்கா கூப்பிட்டாவ? வேற ஒண்ணுக்கும் இல்லயா?"

"இல்லப்பா."

அவர் புஷ்பத்தைக் கதவுப் பக்கம் நிறுத்தி, எதிர்ச் சுவர்க் காலண்டரில் என்ன தேதி என்று கேட்டார். அவள் கண்ணைச் சுருக்கி, "மூணு... எட்டு?" என்றாள். ஒன்பது. அப்பா மெதுவாக, "அதான் பஸ் வாரப்பல்லாம் நம்பர எங்கிட்ட கேப்பியாட்டி நீ?" என்றார். தானே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஐந்தாவது வரை படித்தவர். அழகாகப் போடுவார்.

புஷ்பம் நாளை பள்ளிக்கூடம் போகிறாள்.

ஜூலை 14, திங்கள்

ஜெசிந்தா டீச்சர் புஷ்பத்திடம் சொல்லி அனுப்பியிருந்தார். "உன் அக்கா கையெழுத்து நல்லா இருக்கு. பெற்றோர் பெயர், போன் நம்பர் எல்லாம் புதுப் பதிவேட்டுல எழுதணும். மதியம் ஒரு மணி நேரம் வர முடியுமா?" அங்கே எழுத்தர் இடம் காலியாக இருக்கிறதாம்.

சமையலை முடித்துவிட்டுப் போனேன். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்றால் எனக்கு என்ன. பழைய பதிவேடுகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதில் ஒன்று நீல அட்டை. பெற்றோர் அழைப்புப் பதிவேடு. நாள், மாணவர் பெயர், அழைத்த காரணம், வந்தார் அல்லது வரவில்லை என்று கோடு போட்டிருந்தது.

அழைத்த காரணம் மட்டும் வாசித்துக்கொண்டே போனேன். தாமதம். சண்டை. வீட்டுப்பாடம் செய்யவில்லை. முடி வெட்டவில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்தது. எதிர்த்துப் பேசினாள் (இது ரூபா, மூன்று தடவை). பக்கம் பக்கமாக இதுதான். எதிரில் வரவில்லை, வரவில்லை, சித்தப்பா வந்தார், வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கங்களை நான் திருப்பவில்லை. அதற்கு இன்று நேரம் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

திருப்பினேன்.

புளிக்குழம்பு வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

எழுதிவிடுகிறேன். யாரும் இதை வாசிக்கப் போவதில்லை.

அம்மாவின் இடுப்பு வலி நான் நின்றதற்குப் பிறகுதான் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு ஜூலை மாதம், தமிழ் எடுத்த ரோசலின் டீச்சர் 'எங்கள் ஊர்த் தொழில்' என்று கட்டுரை எழுதி வாங்கினார். நான் உப்பளத்தைப் பற்றி எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மாலை, மணி அடித்த பிறகு, ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். என் தாள் அவர் கையில் இருந்தது. வேறு இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். "இத நீயா எழுதின?" என்று கேட்டார். "உண்மையச் சொல்லும்மா, நீயேதான் எழுதினியா?" என்று இன்னொருவர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோசலின் டீச்சர், "சரி, நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

எங்கிருந்தோ பார்த்து எழுதிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் திருடி என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காய்ச்சல் என்றேன். அதற்கு மறுநாளும். பத்து நாள் கழித்து இரண்டு ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் கெஞ்சியதால் அம்மா, அவர்கள் விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, அவள் கோவில்பட்டியில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பிறகு யாரும் வரவில்லை. ரோசலின் டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவுக்கு உதவ நின்ற பிள்ளை என்று ஊரெல்லாம் என்னைப் பெருமையாகச் சொல்வார்.

பதிவேட்டில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாரிக்கனி, 9 ஆ. அழைத்த காரணம்: போட்டிக்கு அனுப்பிய கட்டுரை மாவட்டத்தில் முதலிடம். சென்னையில் மாநிலப் போட்டிக்கு அனுப்பத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். வரவில்லை.

நீலப் பதிவேடு முழுவதிலும் நல்லதுக்காகக் கூப்பிட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்.

ஜூலை 18, வெள்ளி

இன்று எழுதும்போது கண்ணீர் புதுப் பதிவேட்டில் விழுந்து ஒரு போன் நம்பர் அழிந்துவிட்டது. ஜெசிந்தா டீச்சர் பார்த்துவிட்டார். கேட்டார். நான் நீல அட்டையைத் திறந்து அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்ப வாசித்தார்.

"இது நீயா?"

தலையாட்டினேன்.

பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அவர், "ஸ்கூல்ல கூப்பிட்டா நல்லதுக்கா இருக்கும்னு ஒருத்தர்கூட நினைக்க மாட்டாங்களா கனி?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. ஆனால் நான் பதில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நல்லதுக்குக் கூப்பிட்டதே இல்லயே டீச்சர்."

அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "அப்போ எப்படிக் கூப்பிட்டா உங்க தெருவுல இருந்து வருவாங்க? எழுது."

எழுதினேன். காலையில் கூப்பிட வேண்டாம். மதியம் தூங்குவார்கள், அப்போதும் வேண்டாம். மாலை ஐந்து மணி. எல்லோருக்கும் ஒரே தாள் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தாள். அதில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வரி, பொய்யாக இருக்கக் கூடாது. யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது. செருப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது.

கடைசி வரியைப் பார்த்து டீச்சர், "செருப்பு எதுக்கு?" என்றார். அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் அதன் கீழே கோடு போட்டார்.

ஜூலை 23, புதன்

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆசிரியர்கள் ஒரு வரி சொல்ல, நான் எழுதுகிறேன். கேட்டால் எளிதாகத் தெரியும். செல்வின் சார் ரூபாவின் பெயரில் வந்து மாட்டிக்கொண்டார்.

"இவளப் பத்தி என்னத்தச் சொல்ல? வாய். வாயத் தவிர ஒண்ணும் இல்ல."

"அது எழுதக் கூடாது சார்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

சார் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆனா ஒண்ணு. வகுப்புல எல்லாருக்கும் புரியாம இருக்கும், ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இவதான் எழும்பி, புரியல சார், திரும்பச் சொல்லுங்கம்பா. அவ கேக்கதுனால முப்பது பேருக்குப் புரியும்." சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்ட மாதிரி நின்றார். "அதையே எழுது பிள்ள."

ஜூலை 25, வெள்ளி

புஷ்பத்துக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் கத்தினாள். "எக்கா! அம்பாரமெல்லாம் தனித்தனியா இருக்கு! நான் ஒரே வெள்ளக் கோடுன்னுல்லா நெனச்சேன்!"

அப்பா திகைத்துப் போனார். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த உப்புக் குவியல் அது.

ஜூலை 28, திங்கள்

தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பயத்தில் ஒளித்துவிடுவார்கள் என்று, வீடு வீடாக நானே கொண்டுபோகிறேன். முதல் வீட்டில் தாளை நீட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா வாசிட்டி, கொசுவா நீ?" என்றார் அந்தத் தாத்தா.

மூன்றாவது வீடு வேலம்மா அத்தை. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் கையில் பள்ளிக்கூடத் தாளைப் பார்த்தாள். "ரூபா!" என்று ஒரு சத்தம். சோப்பு நுரையோடு கையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அத்தே, அடிக்காதீங்க! நல்லது எழுதியிருக்கு!"

இவ்வளவு சத்தமாகக் கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. அத்தையின் கை அப்படியே மேலே நின்றது.

"கனியா பேசுச்சு?" என்றாள். பிறகு, "நல்லதா? எம்மவளப் பத்தியா? வாசி பாப்போம்."

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ரூபா கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "புரியல, திரும்ப வாசிங்கக்கா" என்றாள். அத்தை சிரித்து, கண்ணைத் துடைத்து, நுரை கண்ணில் பட்டு எரிகிறது என்று சமாளித்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. "எம்பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கு?" என்று அவர்களே வந்துவிட்டார்கள். பொன்னுச்சாமி மாமா மட்டும் கடைக்குள்ளிருந்து, "அப்ப இனிமே எனக்குச் சித்தப்பா வேல கெடையாதா?" என்று கேட்டார்.

ஜூலை 31, வியாழன்

நாளை கூட்டம். அம்மாவின் செருப்பைக் கழுவி வைத்தேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் புஷ்பத்தின் தாள் மட்டும்தான் தெரியும். தெரிந்தால் என்ன சொல்வார்? இரண்டு வருடமாக என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐந்து மணிக்கு ஒருவரும் வரவில்லை.

அதே வேப்பமரம், அதே அறுபது நாற்காலி. ஐந்து ஐந்து. ஐந்து பத்து. செல்வின் சார் வாட்சைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ஜெசிந்தா டீச்சர் என் தோளில் கை வைத்து, "பரவால்ல கனி" என்றார். எனக்கு மரத்துக்குப் பின்னால் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு கேட் பக்கம் பவுடர் வாசனை வந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஆளுக்கு முன்னால் வாசனைதான் வந்தது. முன்னால் வேலம்மா அத்தை, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற பச்சைச் சேலையில், தலை நிறைய மல்லிகைப்பூ. பின்னால் தெருவே வந்தது. எல்லோரும் குளித்து, தலை சீவி, இருப்பதில் நல்லதை உடுத்தி வந்ததால்தான் நேரம் ஆகியிருக்கிறது. "உப்பு போக மூணு தடவ தேச்சுக் குளிச்சேன் டீச்சர், அதான் லேட்டு" என்று அத்தை எல்லோருக்காகவும் சொன்னாள்.

நாற்காலி போதவில்லை. வகுப்பிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். அதுவும் போதவில்லை. அம்மா செருப்போடு நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டை. நான் எண்ணினேன், தொண்ணூற்று ஆறு பேர். பொன்னுச்சாமி மாமாவையும் சேர்த்து. அவர் இந்தத் தடவை தன் சொந்தப் பேத்திக்காக வந்திருந்தார்.

டீச்சர் பாடத்தைப் பற்றி, காலையில் நேரத்துக்கு வருவதைப் பற்றி, பெண் பிள்ளைகளைப் பத்தாவதோடு நிறுத்தாமல் இருப்பதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் கேட்டார்கள். கேள்வியும் கேட்டார்கள். ஒருவர், "நாங்க நாலு மணிக்கே வேலைக்குப் போயிருதோம். பிள்ள வந்துச்சா இல்லயான்னு எப்படித் தெரியும்?" என்றார். வராத அன்றைக்குப் பத்து மணிக்குள் போன் வரும் என்று டீச்சர் சொன்னார். "அப்ப போன் வந்தா அடிக்கப்படாது, என்ன?" என்று வேலம்மா அத்தை எல்லோரையும் மிரட்டினாள்.

பிறகு டீச்சர் நீலப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "இனிமே இந்த நோட்டு இல்ல. இதுல எல்லாம் புகார்தான். ஆனா ஒரே ஒரு வரி இருக்கு. அதை வாசிக்கலாமா வேண்டாமான்னு ஒருத்தர்தான் முடிவு பண்ணணும்." என்னைப் பார்த்தார். இதை எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். முடியாது என்றால் நான் தலையை ஆட்ட வேண்டும், அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் தலையை ஆட்டவில்லை. எழுந்து போனேன். மைக் வேண்டாம் என்றேன். அந்த வரியை வாசித்தேன். தேதி, பெயர், வகுப்பு, அழைத்த காரணம். மாவட்டத்தில் முதலிடம். தந்தையின் ஒப்புதல் வேண்டும். வரவில்லை.

நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "அப்பா வர மாட்டேன்னு சொல்லல. நான்தான் அப்பாகிட்டச் சொல்லல. திட்டக் கூப்பிடுதாவன்னு நெனச்சு, பயந்து, பள்ளிக்கூடத்தயே விட்டுட்டேன். அப்பா மேல தப்பு இல்ல."

அப்பா எழுந்தார். நான் எதற்கோ தயாரானேன். அவர் என்னிடம் வரவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். உப்பு அறுத்த விரலை வரி வரியாக நகர்த்தி, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். பிறகு ஜெசிந்தா டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு வருசம் லேட்டா வந்திருக்கேன் டீச்சர். இப்ப கையெழுத்துப் போட்டா செல்லுமா?"

டீச்சர், "அந்தப் போட்டி முடிஞ்சு போச்சுங்க அண்ணாச்சி. ஆனா ஒன்பதாம் வகுப்புல இடம் இருக்கு" என்றார்.

"அதுக்குத்தான் கேக்கேன்."

'வரவில்லை' என்பதை அப்பா ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் 'வந்தார்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டார். முதலில் கை தட்டியது வேலம்மா அத்தைதான். "ஏ மாரிக்கனி, அந்தக் கட்டுரய வாசிச்சுக் காட்டாம எங்கள அனுப்பிராத!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

கட்டுரைத் தாள் இப்போது எங்கே இருக்கிறதோ. ஆனால் முதல் வரி எனக்கு மறக்கவில்லை, சொன்னேன். "உப்புப் பாத்தியில் உப்புக்கு முன்னால் விளைவது என் அம்மாவின் கால் வெடிப்பு." அம்மா காலைச் சேலைக்குள் இழுக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்ற மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சேர்க்கைப் படிவம் நிரப்பியாயிற்று. புஷ்பத்துக்கு ஒரு வகுப்புதான் நான் மேலே. "நான் கண்ணாடி போட்டுட்டேன்லா, ஒன்ன முந்திருவேன் பாத்துக்கோ" என்கிறாள். காலைச் சோற்றை அப்பா பொங்குவாராம். இன்று பழகிப் பார்த்தார். குழைந்துவிட்டது. மிச்சம் வைக்காமல் எல்லோரும் சாப்பிட்டோம்.

புது நோட்டு வாங்கித் தருகிறேன் என்றார். மற்றப் பாடத்துக்கு வாங்குங்கள், அறிவியலுக்கு என்னிடம் இருக்கிறது என்றேன். இதற்கு மேல் பின்பக்கத்திலிருந்து எழுதினால் பாடத்துக்கு இடம் இருக்காது. இங்கே நிறுத்துகிறேன்.

நாளை திங்கள். நோட்டைத் திருப்ப வேண்டும். முன்பக்கத்திலிருந்து ஏழாவது பக்கம், அந்தப் பாதி அட்டவணை.